பிளாஸ்டிக் கல் இயந்திரம் நம் தோட்டத்துக்குச் சரிப்படுமா?

செம்பனை_மைந்தன்:
சுங்கை சிப்புட் பக்கத்து நம் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நேரம் போதவில்லை, அதனால் என் யோசனையை இங்கே வைக்கிறேன். ஒரு கொள்கலனுக்குள் அடங்கும் சிறு பட்டறை, அதை லோரியில் ஏற்றித் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோகலாம், பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கி அச்சில் அழுத்தினால் கல், பலகை, கம்பம் எல்லாம் செய்யலாம். நெதர்லாந்தில் டேவ் ஹக்கன்ஸ் 2013-இல் தொடங்கிய 'பிரஷஸ் பிளாஸ்டிக்' இந்த இயந்திரங்களின் வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. பள்ளிக்கு சைக்கிள் கொட்டகை வேண்டும், கோயில் பாதை மழைக்குச் சேறாகிவிடுகிறது, குப்பைக்கோ நம்மிடம் பஞ்சமில்லை. செய்வோமே?

லயத்து_அக்கா:
தம்பி, எந்தக் குப்பை என்று பார்த்தீர்களா? நான் மருந்து அடிக்கும் வேலையில் இருந்தவள். உரச் சாக்கு, நாற்றுப் பை, மருந்துக் கேன், இவைதான் தோட்டத்தில் கிடக்கின்றன. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை மலேசியாவில் 2020-இல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் பழைய கேன்கள் இன்னும் சில வீடுகளில் தண்ணீர் பிடிக்கப் பயன்படுகின்றன, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதையும் சேர்த்து உருக்கிப் பிள்ளைகள் உட்காரும் இடத்தில் கல்லாக வைப்பதா? கூடாது.

பட்டறை_ரவி:
அக்கா சொல்வதோடு இன்னொன்றையும் சேர்க்கிறேன், நான் பிளாஸ்டிக் அச்சு வேலை பார்ப்பவன். கேனும் ஷாம்பு பாட்டிலும் சுமார் 130 டிகிரியில் இளகும், உரச் சாக்கு 160 பக்கம், தண்ணீர் பாட்டில் 250 தாண்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று உருகாமல் துண்டாக நிற்கும், இல்லையென்றால் மற்றது கருகிப் புகையாகும். பிவிசி குழாய்த் துண்டு ஒன்று உள்ளே போய்விட்டாலே நெஞ்சை அரிக்கும் அமில ஆவி வரும். அதனால் பிரிப்பதுதான் வேலையே, இயந்திரம் அப்புறம்.

செம்பனை_மைந்தன்:
உருக்காமலும் செய்கிறார்களே அண்ணா. அமெரிக்காவின் பைஃபியூஷன் நிறுவனம் நீராவியும் அழுத்தமும் கொண்டு கலவைப் பிளாஸ்டிக்கையே சுமார் 10 கிலோ கல்லாக்குகிறது, பசையும் சேர்ப்பதில்லை. உருக்கிச் செய்வதிலும், ஐவரி கோஸ்டில் யூனிசெப் ஒரு கொலம்பிய நிறுவனத்தோடு சேர்ந்து பிளாஸ்டிக் கற்களில் வகுப்பறைகளே கட்டியது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

பட்டறை_ரவி:
அந்த 10 கிலோ கல்லையும் வெயிலில் அப்படியே விட முடியாது, மேலே சாயமோ பூச்சோ போட்டு மூட வேண்டும், நம் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியாததா? சுவர் என்றால் தீ பற்றிய கேள்வியும் வரும், நகராண்மைக் கழகம் 1984 கட்டட விதிகளை வைத்துக்கொண்டுதான் பேசும். நடைபாதைக் கல்லோடு நிறுத்துங்கள், அதற்கு நானே அச்சு செய்து தருகிறேன்.

சிலாங்கூர்_வாசி:
எனக்கு வேறு பயம். 2018-இல் சீனா வெளிநாட்டுக் குப்பைக்குக் கதவை மூடியதும் அந்தக் குப்பை வந்து குவிந்த எங்கள் சிலாங்கூர் ஜென்ஜாரோமில் என்ன நடந்தது? மறுசுழற்சி என்று பெயர், இரவில் எரித்த புகையை மூச்சாக இழுத்தது ஊர் மக்கள். முதலில் பள்ளிக்கு என்று வரும், பிறகு எவனோ ஒரு முதலாளி வெளியூர்க் குப்பையை லோரி லோரியாகக் கொட்டுவான். அப்போது யார் தடுப்பது?

செம்பனை_மைந்தன்:
அந்தப் பயத்துக்குப் பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், நம் சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளர் காசில் தோட்டம் வாங்கினார்கள். இயந்திரமும் அப்படிப் பங்குதாரர் கையில் இருந்தால், வெளிக்குப்பையை வாங்குவதா வேண்டாமா என்பதை நாம்தான் முடிவு செய்வோம். இப்போது மட்டும் என்ன? தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பின்னால் தினமும் குப்பையை எரிக்கிறார்கள், அந்தப் புகை பிள்ளைகளுக்கு நல்லதா? எதுவும் செய்யாமலிருப்பதற்கும் நாம் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

லயத்து_அக்கா:
எரிப்பதை நானும்தான் வெறுக்கிறேன், தம்பி. கூட்டுறவு என்றால் கொஞ்சம் மனம் இறங்குகிறது. ஆனால் பங்கு உங்கள் பேரில் இருக்கும், உட்கார்ந்து பிரிப்பதும் கழுவுவதும் வழக்கம்போலப் பெண்கள் தலையில் விழும். அவர்களுக்குக் கையுறையும் முகக்கவசமும் சம்பளமும் எழுத்தில் வேண்டும், மருந்துக் கேன் ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது, அதுவும் எழுத்தில் வேண்டும். இன்னொன்று, சாக்கில் ஒட்டிய உரத்தைக் கழுவினால் அந்தத் தண்ணீரை எங்கே விடுவீர்கள்? லயத்துக்கு முன்னால் ஓடும் கால்வாயில் என்றால் என் ஓட்டு கிடையாது.

பட்டறை_ரவி:
கழுவும் தொட்டிக்கு வடிகட்டும் குழி தனியாக வேண்டும், அந்தச் செலவு இந்தத் திட்டத்தில் இல்லை. அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், அக்காவையும் மேசையில் உட்கார வைத்துப் பேசுவோம்.