மெத்தியோனின் குறைப்பும் அந்த ஆறு பேரும்

இளமாறன்:
"உணவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை (புரதத்தின் ஒரு கூறு) குறைத்தால் புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையின் பலன் கூடும் என்பது மனிதர்களிடமே நிரூபணமாகிவிட்டது" என்று வெண்பா நேற்று எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 2019-இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் ஆய்வாளர் லொக்காசேலின் குழுவினர் வெளியிட்ட ஆய்வைத்தான் அவர் சொல்கிறார். அதில் அந்த உணவு 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோ மருந்தோடு சேர்ந்து கட்டியின் வளர்ச்சியைத் தடுத்தது எலிகளில். மனிதர்கள் ஆறு பேர். ஆறு பேருக்கும் புற்றுநோயே கிடையாது.

வெண்பா:
அந்த ஆறு பேருக்கும் மூன்று வாரம் மெத்தியோனின் 83 சதவீதம் குறைக்கப்பட்டபோது, எலிகளில் கண்ட வளர்சிதை மாற்றங்களை ஒத்தவையே அவர்களது இரத்தத்திலும் தெரிந்தன. எலிகளில் வளர்ந்த கட்டிகளும் மனித நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டவை என்பதை இளமாறன் ஏன் மறைக்கிறார்? லுகேமியா எனும் இரத்தப் புற்றுநோய்க்கு அஸ்பாரஜினேஸ் கொடுத்து அஸ்பாரஜின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தை வற்றச் செய்வது பல்லாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறதே, அதுவும் பொய்யா?

இளமாறன்:
அஸ்பாரஜினேஸ் என்பது இரத்தத்தில் இருக்கும் அஸ்பாரஜினைச் சிதைக்கும் ஊசி மருந்து. உணவிலிருந்து அதை விலக்கினாலும் உடல் தானே தயாரித்துக்கொள்ளும். மருந்தின் பெருமையை உணவுக்கு எழுதி வைக்காதீர்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ஆறு பேரில் ஒருவருக்காவது கட்டி இருந்ததா?

மருதன்:
ஆறு, ஆறு என்று இருவரும் மல்லுக்கட்டுகிறீர்கள். கீமோ நடந்தபோது இப்படியொரு அறிவுரையை நம்பி என் தந்தை புரதத்தைக் கைவிட்டார். கைக்கடிகாரம் முழங்கைவரை நழுவுமளவுக்குத் தசை கரைந்தது. அடுத்த சுற்றைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. புற்றுநோயாளிக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து வழிகாட்டுதல்.

வெண்பா:
உங்கள் துயரம் புரிகிறது, மருதன். ஆனால் புரதத்தையே நிறுத்துவது வேறு, ஓர் அமினோ அமிலத்தை மட்டும் குறைப்பது வேறு. ஆய்வில் மெத்தியோனின் இல்லாத அமினோ அமிலக் கலவை கொடுத்தார்கள். யாரையும் பட்டினி போடவில்லை. விரத விவாதத்திலும் இளமாறன் இப்படித்தான் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு பிறரைப் பேசவிடவில்லை.

இளமாறன்:
விரத விவாதத்தில் என் கேள்விக்குப் பதில் தராமல் வெளியேறியவர் யார் என்பதை இங்குள்ளவர்கள் அறிவார்கள். செரின், கிளைசின் என்ற அமினோ அமிலங்களை விலக்கிய உணவையும் பாருங்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வில், கேராஸ் என்ற மரபணுவில் மாற்றமுள்ள கணையக் கட்டிகள் செரினைத் தாமே உற்பத்தி செய்துகொண்டதால், அந்த உணவு எலிகளில்கூட அவற்றிடம் எடுபடவில்லை. எந்தக் கட்டி எதை நம்பி வாழ்கிறது என்று தெரியாமல் எல்லோருக்கும் ஒரே உணவுப் பட்டியலை நீட்டுவது நோயாளிக்கு இழைக்கும் துரோகம்.

வெண்பா:
எல்லோருக்கும் என்று நான் எழுதவேயில்லை. எழுதிய இடத்தைக் காட்டுங்கள்.

இளமாறன்:
'மனிதர்களிடமே நிரூபணம்' என்று எழுதிய இடத்தைக் காட்டுகிறேன். அந்த மனிதர்கள் ஆறு பேர். ஆறு பேரும் நலமாக இருந்தவர்கள்.