நம்ம பீட்டுக்கு ஃப்ளோர் ஆடுன, ஆடாம நின்ன அனுபவம் இருந்தா கொஞ்சம் சொல்லுங்க

கல்மண்டபம் பாஸ்:

போன மாசம் நடந்தது, இன்னும் மனச வுட்டு போகல, அதான் எழுதுறேன். டிராக் 126 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 126 அடி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிக் டிரம்முன்னு நேரா நாலு கிக் போற ஹவுஸ் மியூசிக், மேல டோலக்க வெட்டி வெட்டி ஒட்டியிருந்தேன், ட்ராப்புல, அதான் பில்டப் முடிஞ்சு பீட்டு மொத்தமா வுழுற எடத்துல, ஒரு சப் பாஸ், நெஞ்சுல அதிருற அடி சத்தம், அதுக்கு மட்டுமே மூணு வாரம் ஆச்சு. எங்க வூடு மீன் மார்க்கெட் பக்கம், விடிகாலைலயே ஐஸ் வண்டியும் ஏலமும் ஆரம்பிச்சிரும், ராத்திரி பத்துக்கு மேல ஸ்பீக்கர் போட்டா பக்கத்து வூட்டு ஆயா கதவ தட்டும், அதனால எனக்கு எல்லாமே ஹெட்போன்தான். ஹெட்போன்ல அந்த சப் ரெண்டு காதுக்கும் அந்தாண்ட விரிஞ்சு கடல் மாதிரி இருந்துச்சு. சத்தத்த லெஃப்ட் ரைட்டுக்கு இழுக்குற வைடனர் போட்டுதான் அப்டி விரிச்சேன்.

டிஜே நம்ம ஃப்ரெண்டு, நுங்கம்பாக்கம் பக்கம் ஒரு கிளப்புல சனிக்கிழம செட்டு. "நடுவுல போடுறேன் மச்சி, நீ ஃப்ளோர்ல போய் நில்லு"ன்னான். நின்னேன். பில்டப் ஏறுது, ஸ்னேர் ரோல் ஓடுது, எல்லார் கையும் மேல. எனக்கு முன்னால மஞ்ச சட்ட போட்ட பையன் ஒருத்தன் கண்ண மூடிகினு, குதிக்கிறதுக்கு முட்டிய மடக்கிகினு ரெடியா நிக்கிறான். ட்ராப் வந்துச்சு. பாஸ் இல்ல. கிக் டப் டப்னு கேக்குது, ஹை ஹேட் சிலுசிலுன்னு கேக்குது, கீழ ஒண்ணுமே இல்ல. அந்த பையன் கண்ண தொறந்தான், ஸ்பீக்கர பாத்தான், முட்டி மடக்குனது மடக்குனபடியே இருக்கு, அப்பால மெதுவா நேரா நின்னு கைய கீழ வுட்டான். எட்டு பார் (நாலு அடி ஒரு பார்) கூட தாண்டல, டிஜே அடுத்த பாட்ட ஏத்திட்டான்.

அந்த கிளப் சவுண்ட் இஞ்சினியர் அண்ணன்தான் அப்பறம் சொன்னாரு, இங்க சப் எல்லாம் மோனோல, லெஃப்ட் ரைட் ஒண்ணா சேந்து ஓடுது தம்பி, உன் பாஸ் லெஃப்ட்ல மேல போகும்போது ரைட்ல கீழ போகுது, ரெண்டையும் சேத்தா ஒண்ண ஒண்ணு தின்னுடும்னு. மோனோ பட்டன ஒரு தடவ அமுக்கியிருந்தா வூட்லயே தெரிஞ்சிருக்கும். அந்த மஞ்ச சட்ட பையன் மூஞ்சி போகவே மாட்டேங்குது. உங்களுக்கு இந்த மாதிரி எதுனா?

வியாசை தாளம்:

உனக்கு பாஸ்தான் போச்சு தல, எனக்கு தாளமே போச்சு. நம்ம ஏரியா குத்து, ஒண்ணு ரெண்டு மூணு ஒண்ணு ரெண்டு மூணுன்னு போற ஆறுக்கு எட்டு, கட்டமோளமும் சட்டி மோளமும் நேர்ல வாசிக்க வெச்சு ரெக்கார்டு பண்ணது, கிக்கையும் நேரா வெக்காம அந்த தாளத்துக்குள்ளயே ஒளிச்சு வெச்சேன், அதுதான் அழகுன்னு நெனச்சேன், இப்பவும் அழகுன்னுதான் சொல்லுவேன். கிளப்பு ஈசிஆர்ல. டிஜேவோட சாஃப்ட்வேர் என் டிராக்கோட வேகம் 128-அ 192-ன்னு காட்டிருக்கு, அவரு அத நம்பி ஓடிகினு இருந்த டெக்னோ மேல என் டிராக்க ஏத்துனாரு, ஒரு நிமிஷம் குதிரையையும் மாட்டையும் ஒரே வண்டில பூட்டுன மாதிரி இஸ்துகினு போச்சு.

அப்பறம் என் டிராக் மட்டும் தனியா வந்துச்சு. கூட்டம் கை தட்டுது, ஆனா மூணு மேல நாலா தட்டுது, எங்க கால் வெக்கிறதுன்னு யாருக்கும் புரியல. வாசலாண்ட பவுன்சர் அண்ணன் ஒருத்தர், கறுப்பு டீசர்ட், கைய கட்டிகினு ஆடாம அசையாம நிக்கிறாரு. முழங்கையாண்ட ரெண்டு வெரல் மட்டும் ஆடுது. சட்டி வுழுற எடத்துல கரெக்டா வுழுது, நான் வேணும்னே தள்ளி வெச்ச ஒரு அடி இருக்கு, அதுலயும் வுழுது! வெளிய வந்து எந்த ஏரியாண்ணான்னு கேட்டேன். புளியந்தோப்பு, எங்க பக்கத்து ஏரியா. அவ்ளோ கூட்டத்துல அந்த பாட்டு புரிஞ்ச ஒரே ஆளு அவருதான், அவருக்கு அங்க ஆட பர்மிஷன் இல்ல.

பின்கட்டு மிக்ஸிங்:

கல்மண்டபம் ப்ரோ, ஹெட்போன்ல பண்ணதால காரணம் மோனோதான், ஆனா ஸ்பீக்கர்ல கேட்டா ரூமும் ஏமாத்தும். உங்க ரூம் எத்தன அடி? பத்துக்கு பத்துன்னு வெச்சுப்போம். 50 ஹெர்ட்ஸ் சவுண்டோட ஒரு அலை கிட்டத்தட்ட ஏழு மீட்டர் நீளம், உங்க ரூமே மூணு மீட்டர். அந்த மாதிரி ரூம்ல 56 ஹெர்ட்ஸ் பக்கம் மூலைல நின்னா உப்பிகினு கேக்கும், நட்ட நடுவுல உக்காந்தா காணாம போயிரும். அதனால நாளைக்கு நீங்க ஸ்பீக்கர் வாங்குனாலும் பாஸ் ஏமாத்தும், வாங்குனதும் நடு ரூம்ல டேபிள போட்டு உக்காராதீங்க. 100 ஹெர்ட்ஸுக்கு கீழ இருக்குற எல்லாத்தையும் கட்டாயம் மோனோ ஆக்குங்க. கிக்கும் பாஸும் ஒரே எடத்துக்கு சண்ட போடும், சைட்செயின் போட்டு கிக் வரும்போது பாஸ் கொஞ்சம் குனியணும். கிக்க பாட்டோட சுருதிக்கு டியூன் பண்ணுங்க, பாட்டு ஜி-ன்னா 49 ஹெர்ட்ஸ், ஏ-ன்னா 55. போன் ஸ்பீக்கர்ல இதெல்லாம் கேக்கவே கேக்காது, அதனால சப் மேல லேசா சாச்சுரேஷன், கொஞ்சம் கரகரப்பு குடுங்க, 50-க்கு மேல 100, 150-ன்னு கிளைகள் வரும், அத வெச்சு காது கீழ இருக்குறதயும் ஊகிச்சுக்கும். மாஸ்டர்ல சத்தத்தோட உச்சிய அமுக்குற லிமிட்டர போட்டு நசுக்காதீங்க, மிக்ஸ் மைனஸ் 6 டிபில நிக்கட்டும், கிளப்புல சத்தம் வெக்கிறது டிஜே வேல. முன்னாடி 16 பாரோ 32 பாரோ வெறும் டிரம்ஸ் வுடுங்க, இல்லன்னா அவரு எங்க மிக்ஸ் பண்ணுவாரு? 128 கேபிபிஎஸ் எம்பி3 அனுப்பாதீங்க, 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வழிச்சு எடுத்துரும், வேவ் ஃபைல் குடுங்க.

வியாசை ப்ரோ, ஆறுக்கு எட்டு கிளப்புக்கு செட் ஆகாது, ஒத்துக்குங்க. கிளப்னா நாலு கிக், ஹவுஸ் பொறந்த சிகாகோவுல இருந்து இன்னிக்கு வரைக்கும் அதான்.

என் கதைய மறந்துட்டேன். என் டிராக் ஒரு காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல ஓடும்போது ஜெனரேட்டர் நின்னு போச்சு. பசங்க நிறுத்தாம வாயாலயே பீட்ட போட்டு ஆடுனாங்க. கரண்ட் வந்தப்ப நான்தான் டெம்போவ தப்பா புடிச்சேன்.

வியாசை தாளம்:

செட் ஆகாதுன்னு சொல்லாதீங்க ஜி, கோவம் வருது. 1982-ல மும்பைல சரண்ஜித் சிங் 808 டிரம் மிஷினயும் 303 பாஸ் மிஷினயும் வெச்சு ராகம் வாசிச்சு ரெக்கார்டு போட்டாரு, அப்ப யாரு கண்டுகினா, 2010-ல திரும்பி வெளியிட்டப்பதான் உலகமே வாயப் பொளந்துச்சு. காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டு 2018-ல கீழ்ப்பாக்கத்துல மொத மேட ஏறுனப்போ கட்டமோளமும் சட்டியும் கிட்டார் பக்கத்துல சமமா நின்னுச்சு, கூட்டம் ஆடல? தப்பு தாளத்து மேல இல்ல. கிக்க ஒளிச்சு வெச்சேன் பாருங்க, அது மேலதான். 128-ல ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவுல 469 மில்லிசெகண்ட் இருக்கு, அத நாலா வெட்டுனா 117, மூணா வெட்டுனா 156. கிக்க நேரா வுட்டு அது மேல சட்டிய மூணா வெட்டி போட்டா நாலு தட்டுறவனும் ஆடலாம், மூணு தெரிஞ்சவனும் ஆடலாம். இப்ப அப்டி மாத்திட்டேன். ஆனா அந்த பவுன்சர் அண்ணன் வேல மாறிட்டாரு, எங்க தேடுறதுன்னு தெரியல.

பெரம்பூர் 909:

நான் பொண்ணு, முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா கதையே அதான். சவுண்ட் செக்குக்கு தம்பி கூட போனேன், அவன் பைக் ஓட்ட மட்டும் வந்தான், அவனுக்கு மியூசிக்ல ஒண்ணும் தெரியாது. கன்சோல்ல இருந்தவர் என் கைல இருந்து பென்டிரைவ வாங்கிட்டு அவன் கிட்ட கேக்கறார், "கிக் எதுல பண்ணீங்க தம்பி?" அவன் என்னப் பாக்கறான். நான் சொல்றேன், 909 சாம்பிள், 1983 டிரம் மிஷினோட சத்தம், கீழ தனியா ஒரு சைன் வேவ் சேத்திருக்கேன்னு. அவர் தலைய ஆட்டிட்டு மறுபடியும் தம்பி கிட்டயே, "லெவல் கொஞ்சம் கொறச்சிக்கலாமா?" மூணு தடவ இப்படி. மூணாவது தடவ தம்பி ரெண்டு அடி நகந்து என் முதுகுக்கு பின்னாடி போய் நின்னுட்டான், அப்ப அவருக்கு என்னப் பாக்கறத தவிர வேற வழியே இல்ல. எங்க தம்பி வீட்ல ஒரு டம்ளர் கூட கழுவி வெக்க மாட்டான், ஆனா அன்னிக்கு அந்த ரெண்டு அடி நகந்தத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ராத்திரி நல்லாதான் ஆடுனாங்க, அது இங்க முக்கியம் இல்ல.

பின்கட்டு ப்ரோ, லிமிட்டர் வேணாம்னு மொத்தமா சொல்லாதீங்க. கடைசியா மெருகு ஏத்துற மாஸ்டரிங் பண்ண தனியா ஆள் வெக்க எல்லார் கிட்டயும் காசு இல்ல.

மூலக்கொத்தளம் லூப்:

இத இதுவரைக்கும் யார் கிட்டயும் சொன்னதில்ல. ரெண்டு வருஷம் முன்ன மழைக்காலத்துல எங்க தெருவுல ஒரு சாவு, பற அடிக்க வந்தவங்கள்ல ஒரு பெரியவர் அடிச்சது தனியா தெரிஞ்சுது, போன்ல எடுத்து வெச்சுகினேன். வழக்கமா பற கணீர்னு இருக்கும் இல்ல, அன்னிக்கு அது கீழ எறங்கி தொம் தொம்னு நெஞ்சுல குத்துச்சு. எட்டு செகண்ட் வெட்டி லூப் ஆக்கி, கிக் வெச்சு, பாஸ் வெச்சு குடுத்தேன், மூணு கிளப்புல ஓடிச்சு, ஒரு எடத்துல திரும்ப போட சொல்லி கத்துனாங்க. எனக்கு காசும் வந்துச்சு.

போன தை மாசம் அவர டீக்கடைல பாத்தேன். பெருமையா போன நீட்டி, "ஐயா, இது உங்க அடி"ன்னு போட்டு காட்டுனேன். காதாண்ட வெச்சு முழுசா கேட்டாரு. ஃப்ரெண்டுங்க எல்லாம் கேட்ட ஒடனே தலைய ஆட்டுவாங்க, இவரு ஆட்டல. போன திருப்பி குடுத்துட்டு சொன்னாரு, "அன்னிக்கு தூறல்பா, வெறகு ஈரம், தோலு காயல. காயாத தோலுல அடிச்சத போயி ஊரெல்லாம் போட்டுட்டியே." எந்த வூட்டு சாவுன்னும் சொன்னாரு, செத்தவங்க பேரோட. எனக்கு அந்த பேரு தெரியாது. பெரிய சூப்பர் சவுண்டுன்னு நான் நெனச்சது அவருக்கு தொங்கிப்போன தோலு. காசப் பத்தி அவரு ஒரு வார்த்த கேக்கல, நானும் அன்னிக்கு வாயத் தொறக்கல.

பெரம்பூர் 909:

வந்த காசுல பாதி அவருக்கு குடுங்க. அவர் பேரயும் டிராக்ல போடுங்க. மத்தத அப்பறம் பேசலாம்.

பின்கட்டு மிக்ஸிங்:

எட்டு செகண்ட் சாம்பிளுக்கு பாதியா? பீட்டு, அரேஞ்ச்மென்ட், மிக்ஸ் எல்லாம் இவரு பண்ணதுதானே.

வியாசை தாளம்:

அந்த எட்டு செகண்ட எடுத்துட்டு மிச்சத்த கிளப்புல போட்டுப் பாருங்க ஜி, எத்தன பேரு ஆடுறாங்கன்னு.

கல்மண்டபம் பாஸ்:

சண்ட வேணாம்பா. பின்கட்டு ப்ரோ, என் ரூம் எட்டுக்கு பத்து, பகல்ல ஒரு ஸ்பீக்கர இரவல் வாங்கி போட்டு, நீங்க சொன்ன மாதிரி மூலைக்கு போய் கேட்டேன், பாஸ் வேற ஆளு மாதிரி கேக்குது, தேங்க்ஸ். சப்ப மோனோ ஆக்கிட்டேன். இந்த சனிக்கிழம அதே கிளப்பு. மஞ்ச சட்ட பையன் வருவானான்னு தெரியாது.

மூலக்கொத்தளம் லூப்:

நேத்து அவர் வூட்டுக்கு போயிட்டு வந்தேன். பாதி காச அவர் சம்சாரம் கைல குடுத்தேன், அவரு வாங்க மாட்டேன்னுட்டாரு. திரும்ப ரெக்கார்டு பண்ணலாமான்னு கேட்டேன், எவ்ளோ நேரம் அடிக்கணும்னாரு, எட்டு செகண்டு போதும்யான்னேன். பதிலே சொல்லல. வாசல்ல வைக்கோல், பழைய பேப்பரெல்லாம் போட்டு நெருப்பு மூட்டுனாரு, பறைய திருப்பி திருப்பி காட்டுனாரு, நடுவுல நடுவுல வெரலால சுண்டி பாத்துட்டு இல்லன்னு மறுபடி நெருப்பாண்ட கொண்டு போனாரு. அதுக்கே அர மணி நேரம். அப்பறம் பற அடிக்கிற சிண்டுகுச்சியையும் அடிகுச்சியையும் கைல எடுத்தாரு. நான் மைக்க வெச்சுட்டு தள்ளி நின்னேன். நாப்பது நிமிஷம் அடிச்சாரு. தெருப் பசங்க எல்லாம் வந்துட்டாங்க.