மறு: ஆஃப் சைடுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்பு நண்பர்களே, வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையில் வரும் மடல்களைப் படித்துவருகிறேன். எனக்கு இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கால்பந்து விதிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 17 விதிகள். பதினாறை ஒருவழியாக முடித்துவிட்டேன். பதினொன்றாம் விதி மட்டும் நிற்கிறது. அது ஆஃப் சைடு, எதிரணியின் கோலை நோக்கி எவ்வளவு முன்னால் நின்று பந்து வாங்கலாம் என்று சொல்லும் விதி.

சொல்லுக்குப் போகும் முன் ஒரு சம்பவம். போன வருடம் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களின் ஆட்டம் ஒன்றில் நான் லைன்ஸ்மேனாக நின்றேன். எனக்கு எதிர்க்கரையில் விளையாடிய பையன் ஒருவன், நல்ல வேகம். அவனுக்குப் பந்து வந்தபோது கொடியைத் தூக்கினேன். நடுவர் விசில் அடித்ததும், தப்பு தூரக்கரையில் என்பதைக் காட்டக் கொடியைச் சாய்த்து மேல்நோக்கிப் பிடித்தேன். நடுவில் என்றால் தோள் உயரத்தில் நேராக, பக்கத்தில் என்றால் கீழ்நோக்கி. இடைவேளையில் அந்தப் பையன் மைதானத்தைக் கடந்து வந்து கேட்டான்: "சார், நான் அங்க நிக்கவே கூடாதா?"

நடந்துகொண்டே ஏதோ பதில் சொன்னேன். இரண்டாம் பாதியில் அவன் எதிரணி டிஃபென்டர்களைத் தாண்டாமல் தள்ளியே நின்றான். சக ஆட்டக்காரன் பந்தோடு அவனைத் தாண்டி ஓடியபோதும் நின்றான். கார்னர் கிக் எடுத்தபோதும் தள்ளியே நின்றான். கார்னரில் இருந்தோ, த்ரோ-இன்னில் இருந்தோ, கோல் கிக்கில் இருந்தோ நேராகப் பந்து வாங்குபவருக்கு ஆஃப் சைடே கிடையாது. அதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பதினொன்றாம் விதியின் முதல் செய்தியே இதுதான்: அந்த இடத்தில் நிற்பது தப்பு அல்ல. அங்கே நின்றுகொண்டு ஆட்டத்தில் கலந்தால்தான் தப்பு. பந்தைத் தொடுவது, எதிராளியை மறிப்பது, கோல்கீப்பரின் பார்வையை மறைப்பது, கம்பத்தில் பட்டோ கோல்கீப்பர் தடுத்தோ திரும்பும் பந்தை எடுத்துக்கொள்வது, இவையெல்லாம் கலப்பது. சும்மா நின்றால் ஒன்றுமில்லை. ஆகவே நாம் ஆக்கும் சொல் இடத்துக்குப் பெயராக இருக்க வேண்டும், குற்றத்துக்கு அல்ல. இது ஒன்றைத்தான் நான் வலியுறுத்த வந்தேன்.

இனி இங்கே வந்த முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

> "வெளிப்பக்கம்" என்று நேரடியாக வைத்துக்கொள்ளலாமே?

வேண்டாம் என்பேன். இங்கே சைடு என்பது பக்கம் அல்ல, அணி. 1863-இல் லண்டனில் எழுதிய முதல் விதிகளில், உதைக்கும் ஆளைவிட எதிரணியின் கோல் கோட்டுக்கு அருகில் நிற்கும் சக ஆட்டக்காரர் எல்லோருமே ஆட்டத்துக்கு வெளியே என்று இருந்தது. தன் அணியை விட்டு விலகிப் போய்விட்டவர் என்ற எண்ணம்தான் அந்த ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது. பக்கம் என்று பெயர்த்தால் அந்தப் பொருள் போய்விடும், புதுப்பொருளும் கிடைக்காது.

இன்னொரு சிக்கல், நம்மிடம் ஏற்கெனவே ஒரு ஆஃப் சைடு இருக்கிறது. கிரிக்கெட்டில் மட்டை பிடித்து நிற்பவரின் நெஞ்சுக்கு எதிரே உள்ள பக்கம் ஆஃப், முதுகுப் பக்கம் லெக். அது உண்மையாகவே பக்கம். அதற்கு வெளிப்பக்கம் என்று யாராவது வைத்தால் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே சொல் வந்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள்.

> "எல்லை மீறல்" சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான். ஆனால் இது குற்றப் பெயர். நின்றாலே குற்றம் என்று அந்தப் பையன் நினைத்ததைத்தான் இந்தச் சொல்லும் சொல்கிறது. அது மட்டுமல்ல, எல்லை என்றால் தரையில் போட்ட கோடு என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். இந்தக் கோடு தரையில் இல்லை, ஆளோடு நகர்வது. இதைக் காட்ட நான் ஒரு நீளக் கயிற்றை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பிள்ளைகள் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், டிஃபென்டர் நகர நகரக் கயிறும் கூடவே நகர வேண்டும். ஐந்து நிமிடத்தில் கயிறு பிடித்த இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. விதி மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

> "முன்னிலை" என்பதே போதுமே, முன்னால் நிற்கும் நிலை.

முதலில் எனக்கும் இது பிடித்தது. ஆனால் பத்திரிகைகளில் நாம் தினமும் "அர்ஜென்டினா 1-0 என முன்னிலை பெற்றது" என்று எழுதுகிறோம். இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை வேறு இருக்கிறது. "முன்னிலையில் இருந்த மெஸ்ஸியின் கோல் செல்லாது" என்று எழுதினால் வாசிப்பவர் என்ன நினைப்பார்?

இந்த "முன்" என்பதை விட்டுவிடாமல், அதன் வினையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பதே என் யோசனை: முந்து. முந்து + இடம் = முந்திடம். வினைத்தொகையாகவே பிரியும், முந்திய இடம், முந்துகிற இடம். சொல்லிலேயே இடம் இருக்கிறது, குற்றம் இல்லை. குற்றத்தைச் சொல்ல வேண்டும் என்றால் முந்திடத் தவறு என்று தனியாகச் சொல்லலாம். "முந்திடத்தில் நிற்கலாம், முந்திடத் தவறு செய்யக் கூடாது" என்று அந்தப் பையனிடம் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு பாதி ஆட்டம் வீணாகியிருக்காது.

வினையும் கூடவே வருகிறது என்பது இன்னொரு வசதி. வர்ணனை செய்பவர் "முந்திவிட்டார்" என்று சொல்லலாம். மைதானத்தில் பிள்ளைகள் "முந்திட்டான் சார்" என்று கத்துவார்கள், அது இப்போதே பேச்சில் இருக்கும் வார்த்தை. ஆன் சைடுக்குத் தனிச் சொல் தேவையே இல்லை, "முந்தவில்லை" என்றால் முடிந்தது.

அப்புறம், முந்துவது யாரை என்ற கேள்வி. விதியின் கடினமான பகுதி இதுதான். கடைசி டிஃபென்டரை என்று பலரும் சொல்கிறார்கள், தொலைக்காட்சியிலும் சொல்கிறார்கள். அது சரியல்ல. எதிரணியில் கடைசியிலிருந்து இரண்டாவது ஆளை. பெரும்பாலும் கடைசி ஆள் கோல்கீப்பராக இருப்பதால் இரண்டாவது ஆள் கடைசி டிஃபென்டராக அமைகிறார், அவ்வளவுதான். கோல்கீப்பர் முன்னே வந்துவிட்டால் கணக்கு மாறும். 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில், கத்தாருக்கு எதிராக ஈக்வடாரின் என்னர் வலென்சியா மூன்றாவது நிமிடத்தில் தலையால் முட்டிப் போட்ட கோல் இப்படித்தான் செல்லாமல் போனது. கத்தார் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்க வெளியே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் ஒரே ஒரு டிஃபென்டர். ஈக்வடாரின் எஸ்த்ராடாவின் கால் மட்டும் முந்தியிருந்தது. பின்னால்தான் ஒரு ஆள் இருக்கிறாரே, இது எப்படி ஆஃப் சைடு என்று அன்று இரவு எனக்கு வந்த கேள்விகள் ஏராளம்.

இந்த "கடைசியிலிருந்து இரண்டாவது" என்பதற்கு நாம் புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை. இலக்கண ஆசிரியர்கள் செய்து வைத்துவிட்டார்கள். சொல்லின் கடைசி எழுத்து ஈற்றெழுத்து, அதற்கு முந்தையது ஈற்றயலெழுத்து. குற்றியலுகரத்தின் வகையைக் கண்டுபிடிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்ப்பது ஈற்றயலைத்தான். அதே சொல்லை மைதானத்துக்குக் கொண்டுவரலாம்: ஈற்றயலார். கடைசி ஆள் யார் என்றாலும், கோல்கீப்பரோ டிஃபென்டரோ, அவருக்கு அடுத்தவர் ஈற்றயலார். இந்தச் சொல் கிடைத்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியை எழுதி முடியாது. ஆங்கிலத்தில் மூன்று சொல் சேர்த்துச் சொல்வதை நாம் ஒன்றில் சொல்கிறோம்.

இன்னொன்றும் வேண்டும். முந்தினாரா இல்லையா என்பதைப் பந்து வந்து சேரும்போது பார்ப்பதில்லை, சக ஆட்டக்காரர் அதை ஆடும் கணத்தில் பார்க்கிறார்கள். பார்வையாளர்கள் கோபப்படும் ஆட்டங்களில் பாதி இதனால்தான். பந்து போய்ச் சேர்வதற்குள் ஃபார்வர்டு ஐந்தாறு அடி முன்னே ஓடியிருப்பார், அந்தக் காட்சிதான் நம் கண்ணில் நிற்கும். 2022 உலகக் கோப்பையில் பந்துக்குள் ஒரு உணரியை வைத்து நொடிக்கு 500 தடவை தகவல் எடுத்தார்கள், அந்த ஒரு கணத்தைப் பிடிப்பதற்காகவே. மைதானக் கூரையில் இருந்த 12 கேமராக்கள் ஒவ்வோர் ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தன. அந்தக் கணத்துக்கு விடுகணம் என்று வைக்கலாமா? அம்பு விடுவது போலப் பந்து விடுவது. உதைகணம் என்றால் தலையால் முட்டிய பந்துக்குப் பொருந்தாது.

மூன்றையும் சேர்த்தால் விதி ஒரே வாக்கியத்தில் அடங்குகிறது:

"விடுகணத்தில், எதிரணியின் பாதியில், பந்தையும் ஈற்றயலாரையும் முந்தியிருப்பவர் முந்திடத்தில் இருக்கிறார்."

கை கணக்கில் வராது, தலை, உடல், கால் மட்டும்தான். ஈற்றயலாருக்குச் சமமாக நின்றால் முந்தவில்லை, 1990 முதல் அப்படி. இவை அடுத்த வரிகளில் வந்துவிடும்.

> ஆஃப் சைடு ட்ராப் என்பதற்கு "பொறி" சரிதானே?

பொறி தப்பில்லை. ஆனால் கண்ணி இன்னும் பொருந்தும் என்று படுகிறது. எலிப்பொறி தானாக மூடும். பறவைக்கு வைக்கும் கண்ணியில் ஒரே கயிற்றில் வரிசையாகச் சுருக்குகள் இருக்கும், ஒரு சுருக்கு தளர்ந்திருந்தால் அந்த வழியாகப் பறவை போய்விடும். நான்கு டிஃபென்டர்கள் ஒரே கோட்டில் நின்று, ஒரே நேரத்தில் முன்னே அடி வைப்பதும் அதே மாதிரிதான். ஒருவர் அரை அடி பின்தங்கினாலும் அவர் ஈற்றயலார் ஆகிவிடுவார், எதிராளி தப்பிவிடுவார்.

அதே உலகக் கோப்பையில், 2022 நவம்பர் 22 அன்று கத்தாரின் லுசைலில் சவுதி அரேபியா அர்ஜென்டினாவுக்கு வைத்தது இந்தக் கண்ணிதான். டிஃபென்டர்கள் நடுக்கோட்டுக்கு அருகில் ஏறி நின்றார்கள், பின்னால் அவ்வளவு வெற்றிடம். முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் செல்லாமல் போயின, மெஸ்ஸியுடையது ஒன்று, லவுதாரோ மார்டினெஸுடையது இரண்டு. பெனால்டியில் மெஸ்ஸி போட்ட ஒன்று மட்டும் நின்றது. இரண்டாம் பாதியில் சவுதி இரண்டு கோல் போட்டு 2-1 என வென்றது.

இந்தக் கண்ணி பழையது, விதியையே மாற்றிய பெருமை அதற்கு உண்டு. 1866 முதல் மூன்று எதிராளிகள் முன்னால் இருந்தால்தான் தப்பில்லை என்று இருந்தது. நியூகாசில் அணியின் பில் மெக்கிராக்கன் இதை நன்றாகப் பயன்படுத்தினார். இரண்டு பின்வரிசைக்காரர்களில் ஒருவர் முன்னேறினாலே போதும், எதிராளி சிக்கிவிடுவார். தப்பிப் போனாலும் இன்னொரு பின்வரிசைக்காரர் காவலுக்கு இருப்பார். மற்ற அணிகளும் பிடித்துக்கொண்டன. ஆட்டம் நடுக்கோட்டைச் சுற்றியே முடங்கியது. 1925-இல் மூன்றை இரண்டாகக் குறைத்தார்கள். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் 1924-25 பருவத்தில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703 ஆயின. ஈற்றயலார் என்ற ஆள் விதிக்குள் வந்தது அந்த ஆண்டில்தான்.

> கோல், பெனால்டி எல்லாம் தமிழாகிவிட்டன. ஆஃப் சைடையும் அப்படியே விட்டுவிடலாமே.

கோலை நானும் தொட மாட்டேன். பந்து வலைக்குள் போனால் கோல், பார்த்தாலே புரிகிறது, சொல் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆஃப் சைடு அப்படியல்ல. பார்த்தால் புரியாத விதி இது, சொல்தான் கை கொடுக்க வேண்டும். யாழ்ப்பாணத்து நண்பர் "ஓஃப்சைட்" என்று எழுதுகிறார், நான் "ஆஃப் சைடு" என்று எழுதுகிறேன், இரண்டிலுமே பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. ஏற்கெனவே நாம் கால்பந்து என்பதை அவர்கள் உதைபந்தாட்டம் என்கிறார்கள், நம் கைப்பந்து அவர்களுக்குக் கரப்பந்து. புதிதாக ஆக்கும் சொல்லையாவது இரண்டு கரையும் சேர்ந்து ஏற்றுக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ரக்பிக்கும் பனி ஹாக்கிக்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருந்தார். பொருந்துகிறது. ரக்பியில் பந்தைக் கடைசியாக ஆடிய சக ஆட்டக்காரரை முந்தக் கூடாது. பனி ஹாக்கியில், பந்துக்குப் பதிலாக ஆடும் தட்டை முந்திக்கொண்டு, தாக்கும் பகுதி தொடங்கும் நீலக் கோட்டைத் தாண்டக் கூடாது. யாரை, எதை முந்துவது என்பதுதான் மாறுகிறது. நம் ஊரில் ஆடும் ஹாக்கியில் 1990களிலேயே இந்த விதியை எடுத்துவிட்டார்கள், அங்கே சொல்லே தேவையில்லை.

எனக்கு இன்னும் தெளியாதது ஒன்று உண்டு. "முந்து" என்பது ஏவலும் கூட. டிஃபென்டர் கையைத் தூக்கி "முந்து!" என்று சுருக்கிக் கத்தினால், தன் அணிக்காரனை முன்னே போகச் சொல்வதாகக் காதில் விழலாம். "முந்திடம்" என்று முழுதாகக் கத்துவார்களா, இல்லை "இடம்!" என்று சுருங்குமா? ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்க்கப் போகிறேன். அதற்குள் ஈற்றயலார், விடுகணம் இரண்டையும் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் "முந்திடம்" என்பதை அவர் ஊர்ப் பேச்சில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, நாக்கில் நிற்கிறதா என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

அன்புடன்