பெரம்பூரில் பழைய இழைப்பு மெஷினும் பேண்ட் சாவும்: 65,000 கொடுக்கலாமா?

மொட்டைமாடித் தச்சர் | சனி, காலை 10.15

வணக்கம். ஐ.டி. வேலை, தச்சு வார இறுதியில் மட்டும். மொட்டை மாடியில் ஆரம்பித்தது, இப்போது கொளத்தூர் வீட்டில் கார் நிற்கிற இடத்துக்கு இறங்கியிருக்கிறது. கார் தெருவில் நிற்கிறது.

பெரம்பூரில் ஒரு ஃபர்னிச்சர் பட்டறையை மூடுகிறார்கள். அங்கே 12 அங்குல இழைப்பு மெஷின் ஒன்றும், 18 அங்குல பேண்ட் சா (இரண்டு சக்கரத்தில் வளையமாக ஓடுகிற பட்டை ரம்பம்) ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் சேர்த்து 65,000 கேட்கிறார். இழைப்பு மெஷின் இங்கிலாந்துச் சரக்காம். பெயர்த் தகடு இல்லை, அது இருந்த இடத்தில் நான்கு திருகு ஓட்டைதான் இருக்கிறது. பேண்ட் சா நம் ஊர் வார்ப்பு. இதே அளவில் புதிதாக வாங்க ஒன்றே கால் லட்சம் ஆகும் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. வீட்டில் சிங்கிள் ஃபேஸ் கரண்ட்தான், பட்டறை மோட்டார்களோ மூன்று ஃபேஸ். நாளை போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். வாங்கலாமா?

வார்ப்பிரும்பு | சனி, காலை 10.50

வாங்குங்கள். ஆனால் 65,000 கொடுக்காதீர்கள்.

பட்டறையை மூடுகிறவருக்கு மெஷினை விட இடத்தைக் காலி செய்வதுதான் அவசரம். வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு அடுத்த வழி காயலான் கடை, அங்கே கிலோ கணக்குதான். அந்த இழைப்பு மெஷின் 350 கிலோ இருக்கும் என்று வைத்தால், கிலோ 38 ரூபாய்க்கு 13,300. உங்கள் பேரம் அந்த எண்ணிலிருந்து மேலே போக வேண்டும், 65,000-லிருந்து கீழே வரக் கூடாது.

பழைய வார்ப்பை ஏன் விரும்புகிறேன் என்றால், அது முறுக்கிக்கொள்ள வேண்டியதெல்லாம் முறுக்கி முடித்துவிட்டது. இப்போது மலிவாகச் செய்கிற டேபிள்களில் சில, வார்ப்பு ஆறி அடங்கும் முன்பே மட்டம் பிடித்து பெயிண்ட் அடித்து லாரி ஏறிவிடுகின்றன. ஒரு வருஷத்தில் நடுவில் குழி விழும். லெஸ்டரில் 1897-ல் தொடங்கிய வாட்கின் மாதிரி கம்பெனிகளின் பழைய மெஷின்களைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். இன்னொரு வசதி, இங்கிலாந்திலும் நமக்கும் கரண்ட் 50 ஹெர்ட்ஸ்தான். மோட்டார் அதே வேகத்தில் ஓடும். அமெரிக்க மெஷின் என்றால் 60 ஹெர்ட்ஸ், இங்கே ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும்.

தேடுகிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுப்பேட்டைக்குப் போகாதீர்கள், அது வண்டி பாகங்களுக்கான இடம். பழைய சாமான் கிடைத்த மூர் மார்க்கெட்டும் 1985-ல் எரிந்துபோனது. அம்பத்தூர், பாடி, கிண்டிப் பக்கம் மூடுகிற பட்டறைகளைக் கேட்டு வையுங்கள். டீக்கடையில் சொல்லி வைத்தாலே தகவல் வரும்.

புதுசே போதும் | சனி, காலை 11.30

இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் 2019-ல் ஒரு 12 அங்குல இழைப்பு மெஷின் வாங்கினேன். நோட்டில் எழுதி வைத்த கணக்கு இது:

மெஷின் 22,000. குட்டி யானை, லோடு மேன் கூலி 4,500. மோட்டார் ரீவைண்டிங் 5,200. பேரிங், பெல்ட், புல்லி 2,900. பிளேடு 2,400. டேபிள் மட்டம் செய்ய கிரைண்டிங் 7,500. மொத்தம் 44,500.

அப்போது புதிது 48,000. ஆக, எனக்கு மிச்சமானது 3,500. அதற்கு நான்கு மாத ஞாயிற்றுக்கிழமைகள் போயின. இதற்கிடையில் "அந்த அலமாரி எப்போது வரும்" என்று வீட்டில் கேட்ட கேள்விக்கு நான் கணக்கு வைக்கவில்லை.

அப்புறம் திருகு. அந்த மெஷினில் விட்வொர்த் மரை, பழைய இங்கிலாந்து அளவு. அரை அங்குல போல்ட்டில் அதற்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க மரைக்கு 13. அமெரிக்க நட்டைப் போட்டால் இரண்டு சுற்று சுகமாக ஏறும், மூன்றாவதில் இறுகும். துரு என்று நினைத்து நான் ஸ்பேனரில் பைப் மாட்டித் திருகி, போல்ட்டை உடைத்தேன். உடைந்த துண்டை எடுக்க லேத் பட்டறைக்கு ஒரு நாள். பேரிங்கும் அங்குல அளவு. லிங்கிச் செட்டித் தெருவில் நான்காவது கடையில்தான் கிடைத்தது.

தம்பி, உங்களுக்கு மெஷின் வேண்டுமா, மெஷினை ரிப்பேர் செய்கிற பொழுதுபோக்கு வேண்டுமா? இரண்டும் வேறு.

வார்ப்பிரும்பு | சனி, பகல் 12.05

நீங்கள் புரோக்கரிடம் வாங்கியிருக்கிறீர்கள், அதனால்தான் 22,000. கிரைண்டிங்குக்கும் அவசரப்பட்டிருக்கிறீர்கள். டேபிள் தொங்கினால் முதலில் அது வழுக்கி ஏறி இறங்குகிற சரிவில் பித்தளைத் தகடு வைத்துப் பார்க்க வேண்டும். முக்கால்வாசி நேரம் அதிலேயே சரியாகும். போல்ட்டை உடைத்த பழியை மெஷின் மேல் போடாதீர்கள்.

புதுசே போதும் | சனி, பகல் 12.20

பித்தளைத் தகடு வைக்க வேண்டும் என்று 22,000 கொடுத்தபோது யாரும் சொல்லவில்லை. அதைத்தான் சொல்கிறேன். இவ்வளவும் தெரிந்தவருக்குப் பழையது மலிவு. கேள்வி கேட்டவர் தெரியாமல்தானே கேட்கிறார்?

அப்பா பட்டறை | சனி, பிற்பகல் 2.40

இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். இது சென்னை. அந்த மெஷின் தண்ணீரில் நின்றதா என்று முதலில் கேளுங்கள்.

எங்கள் பட்டறை ஈக்காட்டுத்தாங்கலில். 2015 டிசம்பரில் இடுப்பளவு தண்ணீர், இரண்டு நாள் வடியவில்லை. மெஷின்களை வந்த விலைக்குக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து எங்கள் பேண்ட் சாவையே வேறொரு பட்டறையில் பார்த்தேன். பட்டி பார்த்துப் பச்சை பெயிண்ட் அடித்து "அதிகம் ஓடாத மெஷின்" என்று விற்றிருக்கிறார்கள். பக்கவாட்டில் அப்பா உளியால் செதுக்கிய எங்கள் வரிசை எண் அப்படியே இருந்தது, அதனால் தெரிந்தது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் தண்ணீர் நின்றது. அந்தச் சரக்கும் சுற்றில் இருக்கும்.

பார்க்க வேண்டிய இடம் மோட்டாரின் கனெக்‌ஷன் பெட்டி. நான்கு திருகைக் கழற்றி மூடியைத் திறந்து, மூலையில் விரலை விட்டுத் தேயுங்கள். மரத்தூள் என்றால் பஞ்சு மாதிரி வரும். வெள்ளத்து வண்டல் முகப்பவுடர் மாதிரி மாவாக, சாம்பல் நிறத்தில் விரலில் ஒட்டும். அடித்தளத்தின் உள்பக்கக் குழிவிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே யாரும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள், தண்ணீர் நின்ற கோடு தெரியும்.

பெயிண்ட் புதிதாக இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். சின்ன சுத்தியலால் வார்ப்பை அங்கங்கே தட்டுங்கள், சந்தையில் மண்பானை தட்டி வாங்குவோமே, அது மாதிரி. நல்ல வார்ப்பு கணீர் என்கும். விரிசலைப் பற்றவைத்துப் பட்டி பூசியிருந்தால் சத்தம் அமுங்கும்.

வார்ப்பிரும்பு | சனி, பிற்பகல் 3.10

ஒத்துக்கொள்கிறேன் சகோ. வெள்ளம் என் கணக்கில் வரவில்லை. ஆனால் தண்ணீரில் நின்றாலும் வார்ப்புக்கு ஒன்றும் ஆகாது. பேரிங்கும் மோட்டாரும்தான் போகும், இரண்டும் மாற்றக்கூடியவை. விலையில் கழித்துக் கேட்கலாம்.

மோட்டார் கட்டுகிறவன் | சனி, மாலை 6.25

"மாற்றக்கூடியவை" என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்கிறார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கனெக்‌ஷன் பெட்டியைத் திறக்கும்போது வயர் எத்தனை வருகிறது என்று எண்ணுங்கள். ஆறு என்றால் நல்ல சேதி. மோட்டார் 415 வோல்ட் ஸ்டாரில் (மூன்று சுருளின் ஒரு முனையை ஒன்றாக முடிந்த இணைப்பு) ஓடுகிறது என்றால் பெட்டிக்குள் இருக்கிற இணைப்புத் தகடுகளை மாற்றி டெல்டாவில் (சுருள்களை முக்கோணமாகக் கோர்த்த இணைப்பு) போட்டு, சிங்கிள் ஃபேஸ் எடுத்து மூன்று ஃபேஸ் கொடுக்கிற வி.எஃப்.டி. ஒன்றை மாட்டி ஓட்டலாம். அந்த வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் கொடுக்கும், அதனால்தான் டெல்டா. மூன்றே வயர் என்றால் ஸ்டார் முடிச்சு உள்ளே சுருளுக்குள் கட்டப்பட்டிருக்கும். வார்னிஷைச் சுரண்டி அதைப் பிரித்து வெளியே எடுக்க வேண்டும். பழைய சுருள் அந்தப் பிரிப்பைத் தாங்காமல் உதிர்ந்தால் ரீவைண்டிங்தான்.

கண்டென்சர் போட்டு சிங்கிள் ஃபேஸில் ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொல்வார்கள். ஓடும், ஆனால் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். 12 அங்குலத் தேக்குப் பலகை விட்டால் முனகும்.

மெக்கர் (கரண்ட் கசிகிறதா என்று பார்க்கிற மீட்டர்) இருந்தால் எடுத்துப் போங்கள். 500 வோல்ட்டில் மோட்டார் பாடிக்கும் சுருளுக்கும் இடையே ஒரு மெகாஓம் கூட வராவிட்டால் அங்கே ஓட்டிப் பார்க்கக் கூடாது.

பட்டறை 32 வருஷம் | சனி, இரவு 8.50

எல்லாரும் இரும்பையும் காசையும் பேசுகிறீர்கள். தம்பி, மெஷினை வாங்கும் முன் கட்டையைப் பாருங்கள்.

பிளேடு மாட்டுகிற கட்டை இரண்டு விதம். ஒன்று உருளை. பிளேடு அதற்குள் புதைந்து நுனி மட்டும் கொஞ்சம் வெளியே நிற்கும். இன்னொன்று சதுரம். நான்கு தட்டைப் பக்கம், பிளேடை மேலே வைத்து போல்ட் போட்டிருக்கும். மிகப் பழைய மெஷினில் சதுரம்தான் வரும். ஓடும்போது இரண்டும் ஒரே வட்டமாகத்தான் தெரியும், அங்கேதான் ஏமாறுவோம். உருளையில் விரல் பட்டால் மேல் தோல் போகும், கொஞ்சம் சதை போகும். சதுரத்தில் முனைக்கும் முனைக்கும் நடுவே பெரிய பள்ளம். விரல் அதில் இறங்கிய பிறகுதான் அடுத்த முனை வருகிறது.

எனக்கு இடது கை நடுவிரலில் மேல் கணு கிடையாது. 1994, வேப்ப மரத்துச் சின்னத் துண்டு, ஒரு ஜாண் கூட இருக்காது. தள்ளுகட்டை எடுக்கச் சோம்பல். வலி அப்போது தெரியவில்லை. பலகை திடீரென்று கையில் இல்லை, அவ்வளவுதான் தெரிந்தது. முதலாளி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்காமல் தரையைத் தேடிக்கொண்டிருந்தார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியை நகர்த்தி, பெல்ட்டைப் பிடித்துக் கட்டையைக் கையால் சுற்றிப் பாருங்கள். சதுரம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வார்ப்பிரும்பு | சனி, இரவு 9.15

அண்ணே, இதற்கு எதிர்ப்பேச்சு இல்லை. சதுரக் கட்டை இருந்தால் அப்படியே ஓட்டக் கூடாது, நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் கட்டையை மாற்றலாம்.

புதுசே போதும் | சனி, இரவு 9.20

நோட்டில் இன்னொரு வரி.

மொட்டைமாடித் தச்சர் | ஞாயிறு, பிற்பகல் 3.30

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாருக்கும் நன்றி, குறிப்பாக 32 வருஷம் அண்ணனுக்கு.

இழைப்பு மெஷின் பார்க்க ராஜா மாதிரி இருந்தது. டேபிள் மேல் எஃகுப் பட்டை வைத்தேன், கீழே பில் தாள் எங்கேயும் நுழையவில்லை. மனசு இறங்கிவிட்டது. அப்புறம் பிளக்கைப் பிடுங்கி மூடியை நகர்த்திச் சுற்றினேன். சதுரம். போல்ட் தலைகள் வரிசையாகப் பல் மாதிரி தெரிந்தன. விற்பவர், "நாற்பது வருஷம் ஓட்டினோம் சார்" என்றார். அவர் கைகளைத்தான் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேண்ட் சாவில் மேல் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் லேசாக லொடலொட. சக்கரத்து ரப்பர் காய்ந்து நகம் இறங்காமல் இருந்தது. வார்ப்பு கணீர். பெட்டியில் வண்டல் இல்லை, மரத்தூளும் ஒரு கரப்பான் பூச்சியும். இரண்டு ஹெச்.பி. மோட்டார், வயர் ஆறு. பேரிங் 6205, இன்றைக்கும் எந்தக் கடையிலும் கிடைப்பது. பேண்ட் சாவுக்கு மட்டும் 35,000 என்று ஆரம்பித்தார். 21,000-க்கு முடித்தேன். புதன்கிழமை எடுக்க வேண்டும், செயின் பிளாக்கோடு (கனத்தைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி) வருகிற ஆள் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள்.

இழைப்பு மெஷினைப் புதிதாகவே வாங்கப் போகிறேன்.

புதுசே போதும் | ஞாயிறு, மாலை 4.05

21,000-ஐ நோட்டின் முதல் வரியில் எழுதுங்கள். ரப்பர், பேரிங், வி.எஃப்.டி., வண்டி எல்லாம் கீழே வரும். பேண்ட் சா என்பதால் சும்மா இருக்கிறேன்.

வார்ப்பிரும்பு | ஞாயிறு, மாலை 4.20

அந்த இழைப்பு மெஷினை எடைக்குத் தருவாரா? டேபிள் அவ்வளவு மட்டமாக இருக்கிறது என்கிறீர்கள், அதைக் காயலான் கடைக்கு விட மனசு வரவில்லை. உருளைக் கட்டை புதிதாகக் கடைந்து போட்டுக்கொள்கிறேன். பட்டறை எத்தனை மணி வரை திறந்திருக்கும்?

பட்டறை 32 வருஷம் | ஞாயிறு, மாலை 5.00

கடைந்தால் மட்டும் போதாது தம்பி, பேலன்ஸ் பார்க்க வேண்டும். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்று ஓடுகிற கட்டை. சாதாரண லேத் பட்டறையில் கொடுக்காதீர்கள்.

புதுசே போதும் | ஞாயிறு, மாலை 5.10

கடைசல் கூலி, பேலன்ஸ் கூலி இரண்டையும் இங்கேயே எழுதுங்கள். வண்டி வாடகையை விட்டுவிடாதீர்கள்.