சத்தம் வராத ஆனா நல்ல பவர் உள்ள பிசி அசெம்பிள் பண்ணணும், லிஸ்ட் பாத்து சொல்லுங்க

இரவுக்குரல்:
வணக்கம். ராத்திரில ஆடியோ புக் ரெக்கார்டிங் பண்றேன், பகல்ல அதே மெஷின்ல வீடியோ எடிட்டிங், கொஞ்சம் பிளெண்டர் (3டி சாஃப்ட்வேர்). மைக்கும் பிசியும் ஒரே ரூம்லதான் இருந்தாகணும். இப்ப இருக்குறதுல ஒரு ஃபோல்டர் திறந்தாக்கூட ஃபேன் விர்ருனு ஏறி இறங்குது, ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல நான் மூச்சு விடுற இடத்துல அந்த இரைச்சல் அப்படியே கேக்குது, நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டா குரல் தகர டப்பாக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுது. புதுசுக்கு நான் போட்ட லிஸ்ட்: கோர் ஐ9 14900கே (இன்டெல் சிபியு), 360 எம்எம் லிக்விட் கூலர், ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 64 ஜிபி ரேம், 850 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 2 டிபி எஸ்எஸ்டி, பழைய மெஷின்ல இருந்து ரெண்டு ஹார்ட் டிஸ்க், உள்ள ஃபோம் ஒட்டின கேபினட். லிக்விட் கூலர்னா சத்தம் வராதுதானே?

தாமிரக்குழாய்:
வரும். தண்ணி சூட்டை ரேடியேட்டர் வரைக்கும் கொண்டுபோகும், அவ்வளவுதான், அங்க இருந்து வெளிய தள்ளுறது மூணு ஃபேன்தான், அதுக்கு மேல பம்ப் வேற, மெஷின் சும்மா இருக்குறப்பவும் அது ஓடிட்டே இருக்கும். உங்க வேலைக்கு அந்த சும்மா இருக்குற நேரம்தான் முக்கியம்.

கூலருக்கு முன்னாடி வாட்டைப் பாருங்க. 14900கே முழு லோடுல 253 வாட், 4070 டிஐ சூப்பர் 285 வாட், ரெண்டும் சேந்தா 500க்கு மேல, அத்தனையும் சூடாத்தான் மாறும், அதை வெளியேத்த காத்து வேணும், காத்து ஓடுனா சத்தம். சூட்டைக் குறைக்காம சத்தத்தைக் குறைக்க முடியாது. ஏஎம்டியோட ரைசன் 9 9950எக்ஸ் சிபியு பாருங்க, 16 கோர், பயாஸ்ல (மதர்போர்டோட செட்டிங் பக்கம்) மின்சாரத்தைக் கட்டுப்படுத்துற எக்கோ மோடு போட்டு 105 வாட் செட்டிங்ல ஓட்டினா ரெண்டர் வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறையவே குறையும். அதுக்கு நாக்டுவா என்எச்-டி15 மாதிரி ரெட்டை கோபுர ஹீட் சிங்க் (தண்ணி இல்லாம உலோகத் தகடும் ஃபேனும் வெச்ச கூலர்) தாராளமா போதும்.

ஃபேன் கணக்கு ஒண்ணு சொல்றேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் சுலபம். ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா காத்தும் பாதியாகும், ஆனா சத்தம் சுமாரா 15 டெசிபல் இறங்கும். ஒரு ஃபேனுக்குப் பதிலா அதே ஃபேன் மூணு வெச்சா ஏறுறது 5 டெசிபல்தான். அப்ப 1200 ஆர்பிஎம்ல ஒரு ஃபேன் ஓடுறதுக்குப் பதிலா 600ல மூணு ஓடினா காத்து ஒன்றரை மடங்கு, சத்தம் 10 டெசிபல் கம்மி, காதுக்கு அது பாதி மாதிரி தெரியும். அதனால 140 எம்எம் ஃபேன் நிறைய, மெதுவா. ஃபோம் கேபினட்ல முன்பக்கம் அடைச்சிருந்தா உள்ள காத்து போகாம ஃபேன் வேகம் பிடிக்கும், கீச்சுனு வர்ற மெல்லிய சத்தத்துக்கு மட்டும்தான் ஃபோம் உதவும், நான்னா முன்னாடி மெஷ் (வலை) உள்ளதை எடுப்பேன்.

நிழற்படம்:
ஒரு நிமிஷம், ரைசனுக்கு மாறுறதுக்கு முன்னாடி உங்க கேமரா என்ன ஃபைல் தருதுன்னு பாத்துக்கோங்க. எச்.265 4:2:2 10 பிட்னா (4:2:0-ஐ விட நிறத் தகவல் அதிகமா உள்ள வீடியோ ஃபைல்) உங்க 4070 மாதிரி ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸ் கார்டு அதை ஹார்ட்வேர்ல டீகோட் பண்ணாது (சுருக்கின வீடியோவைப் பிரிக்காது), இன்டெல் சிபியுக்குள்ள இருக்குற குயிக் சிங்க்ங்குற பகுதி பண்ணும். அது இல்லாம டைம்லைன் இழுத்தா மொத்த பாரமும் சிபியு மேல விழும், ஃபேனும் கத்தும். அந்த மாதிரி ஃபைல்னா கோர் அல்ட்ரா 7 265கே வாங்கி பயாஸ்ல பவர் லிமிட்டை 125 வாட்ல கட்டிப்போடுங்க, இல்ல ரைசன் கூட ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ் கார்டு போடுங்க, அதுவே டீகோட் பண்ணிடும். 4:2:0 தான்னா கவலையே வேண்டாம்.

சுருள்வில்:
யாரும் ஹார்ட் டிஸ்க் பத்தி பேசலையே. 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 தடவை சுத்துது, அதனால கேபினட் தகடு 120 ஹெர்ட்ஸ்ல உம்முனு அதிரும். ஆம்பளைக் குரலோட அடிநாதம் இருக்குற இடமே அதுதான், அதான் நாய்ஸ் ரிடக்‌ஷன் அந்த உம்மை எடுக்கும்போது குரலையும் சேத்துக் கிழிக்குது. டிஸ்க் ரெண்டையும் அடுத்த ரூம்ல ஒரு நாஸ்ல (நெட்வொர்க் வழியா எடுக்குற ஸ்டோரேஜ் பெட்டி) போட்டுடுங்க, மெஷினுக்குள்ள எஸ்எஸ்டி மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது அந்த ஏறி இறங்குறது. சிபியு சூடு ஒரு நொடில 10, 15 டிகிரி குதிக்கும், உடனே இறங்கிடும், ஃபேன் அது பின்னாடியே ஓடுது. ஒரே சீரா வர்ற சத்தத்தைக் காது மறந்துடும், மாறிட்டே இருந்தா மறக்காது. பயாஸ்ல ஃபேன் கர்வ்ல (எந்தச் சூட்டுக்கு எவ்வளவு வேகம்ங்குற கோடு) 70 டிகிரி வரைக்கும் நேர்கோடா வெச்சுட்டு, வேகம் ஏறுறதுக்கு முன்னாடி சில நொடி பொறுக்குற மாதிரி செட்டிங் இருக்கும், அதைப் போடுங்க.

கிராபிக்ஸ் கார்டுல ஆஃப்டர்பர்னர்ங்குற சாஃப்ட்வேர் வெச்சு அண்டர்வோல்ட் பண்ணுங்க (வோல்டேஜைக் குறைங்க). லோடு இல்லாதப்ப ஃபேனை நிறுத்திடுற மாடலா வாங்கினா ரெக்கார்டிங் நேரத்துல அது சுத்தவே சுத்தாது. எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது கோல்டு பிளாட்டினம்னு மட்டும் பாக்காதீங்க, அது மின்சாரம் எவ்வளவு வீணாகுதுங்குற கணக்கு, சைபெனெட்டிக்ஸ்ங்குற டெஸ்டிங் கம்பெனி சத்தத்துக்குன்னே தனியா ரேட்டிங் தர்றாங்க, ஏ பிளஸ் பிளஸ்னா 15 டெசிபலுக்குக் கீழ.

இரவுக்குரல்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். சுருள்வில் சொன்னதைப் படிச்சதும் நேத்து ராத்திரியே மெஷினை ஆஃப் பண்ணி சைடு பேனலைக் கழட்டி ரெண்டு டிஸ்க்கோட பவர் கேபிளையும் உருவிட்டு திரும்ப ஆன் பண்ணிப் பாத்தேன். மேஜை மேல உள்ளங்கைய வெச்சா எப்பவும் லேசா ஒரு அதிர்வு தெரியும், அது இல்ல. ஒரு நிமிஷம் பேசாம ரெக்கார்ட் பண்ணேன், ஸ்பெக்ட்ரம்ல 120 பக்கத்துல எப்பவும் நிக்குற கோடு காணோம். ரெண்டு வருஷமா ஃபேனையே திட்டிட்டு இருந்திருக்கேன்.

கேமரா 4:2:0 தான், அதனால 9950எக்ஸ், பெரிய ஹீட் சிங்க், மெஷ் கேபினட்னு லிஸ்ட்டை மாத்திட்டேன். கார்டு அதேதான். கேபினட்டை மேஜைக்குக் கீழ தரைல வெக்கலாமா?

சுருள்வில்:
வைங்க, மேஜையத் தொடாம இருக்கணும், அடில ரப்பர் கால் இருக்கணும். மைக் கார்டியாய்டா (முன்பக்கச் சத்தத்தை அதிகமா எடுக்குற வகை)? அப்படின்னா அதோட முதுகுப் பக்கம்தான் கம்மியா கேக்கும், அந்த முதுகு கேபினட் பக்கம் பாக்குற மாதிரி ஸ்டாண்டைத் திருப்பிக்கோங்க.