பழைய ரிசீவரில் பயாஸ் வைக்கும்போது எதிர்ப்பட்டவை: உங்கள் அனுபவம் என்ன?

மீட்டர்முள்:
70-களின் கடைசியில் வந்த ரிசீவர் (ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த செட்), சேனலுக்கு 45 வாட். புகார் ஒன்றே ஒன்றுதான்: டிரான்சிஸ்டர் சூட்டை வெளியேற்றும் இடது ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் சிறு கரண்ட், எவ்வளவு என்று பார்த்தேன்: வால்யூம் ஜீரோ, ஸ்பீக்கர் கழற்றியாச்சு, 0.47 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டர். வலதில் 9 மில்லிவோல்ட், அதாவது 19 மில்லிஆம்பியர். இடதில் 61. பாட்டு இல்லாமலே 130 மில்லிஆம்பியர் ஓடுகிறது. பயாஸை மாற்றும் டிரிம்மரை (திருகி ஓம் மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) மயிரிழை நகர்த்தியதும் 61 நேராக 140-க்குத் தாவி, 58-க்கு இறங்கி நின்றது. அந்தத் தாவல் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 140 என்றால் கிட்டத்தட்ட 300 மில்லிஆம்பியர். அங்கேயே விட்டால் சூடு ஏற ஏற கரண்டும் ஏறும். கடைசியில் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஜோடியே போய்விடும்.

உள்ளே இருந்தது திறந்த கார்பன் டிரிம்மர், தடம் முழுக்கக் கறுத்திருந்தது. இரண்டு சேனலுக்கும் 1 கிலோ ஓம் செர்மெட் டிரிம்மர் போட்டு, பயாஸ் மிகக் குறையும் பக்கம் திருப்பி வைத்துத்தான் பவர் கொடுத்தேன். இப்போது இரண்டும் 10 மில்லிவோல்ட்.

ஈயக்கம்பி:
மாற்றியது சரிதான். ஆனால் "பயாஸ் குறையும் பக்கம்" எது என்பதைச் சொல்லாமல் போய்விட்டீர்கள், தப்பு நடப்பதே அங்கேதான். சர்க்யூட்டைப் பார்க்காமல் அதை முடிவு செய்ய முடியாது. பயாஸை நிர்ணயிக்கும் டிரான்சிஸ்டரின் பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவில் டிரிம்மர் இருந்தால், ஓம் கூடக் கூட பயாஸ் குறையும். அந்த இடத்தில் தொடர்பு விட்டுப்போனாலும் கரண்ட் இறங்கத்தான் செய்யும், ஆபத்தில்லை. கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவில் இருந்தால் எல்லாம் தலைகீழ்: தொடர்பு விட்ட நொடியே பயாஸ் உச்சத்துக்குப் போகும். உங்கள் செட் இந்த இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 140 வந்திருக்காது.

இந்த வகையில் டிரிம்மரின் நடுக்காலை ஒரு ஓரக்காலோடு கட்டாயம் சேர்த்துவிடுங்கள். தொடர்பு விட்டாலும் முழுத் தடத்தின் ஓம் மிச்சமிருக்கும், சர்க்யூட் திறந்து போகாது.

சின்னஅலை:
எனக்கு வந்தது டிரிம்மர் பிரச்சினை இல்லை. ஹீட் சிங்கில் ஒட்டியிருந்த எஸ்டிவி-3எச் பயாஸ் டயோடு. மரக்குச்சியால் போர்டை லேசாகத் தட்டினால் மீட்டர் துள்ளும், தட்டாவிட்டால் அசையாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் டயோடின் கால் உடலோடு சேரும் இடத்தில் முடி போல ஒரு விரிசல். பழசாகி நொறுங்கும் கால்கள் அவை. பயாஸ் டயோடு ஓப்பன் ஆனால் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் முழுதாகக் கரண்டைக் கடத்தத் தொடங்கும், பியூஸ் முந்திக்கொண்டால்தான் தப்பிக்கும். மூன்று 1என்4148 டயோடை வரிசையாகச் சேர்த்து, வெப்பம் கடத்தும் எபாக்சியால் அதே இடத்தில் ஒட்டினேன். ஹீட் சிங்கைத் தொடாமல் காற்றில் தொங்கவிட்டால் சூடு ஏறும்போது பயாஸ் இறங்காது.

கருப்புமுகப்பு:
10 மில்லிவோல்ட் ரொம்பக் கம்மி. 45, 50 வைத்தால் ஒலி இனிமையாக வரும்.

ஈயக்கம்பி:
கணக்குப் போட்டுப் பாருங்கள் சார். ரயில் (ஆம்ப்ளிஃபயருக்குள் வரும் டிசி சப்ளை) ±40 வோல்ட், 0.47 ஓமில் 50 மில்லிவோல்ட் என்றால் 106 மில்லிஆம்பியர். இரண்டு ரயிலுக்கும் இடையே உள்ள 80 வோல்ட்டை அதால் பெருக்கினால் சேனலுக்கு 8.5 வாட் சும்மா சூடாகவே போகிறது. 10 மில்லிவோல்ட்டில் அது 1.7 வாட்தான்.  குறைவாக வைத்தால் மெல்லிய ஒலியில் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (ஒரு டிரான்சிஸ்டரிலிருந்து மற்றதற்கு மாறும் இடத்தில் வரும் கரகரப்பு) கேட்கும், உண்மை. ஆனால் அளவுக்கு மேல் ஏற்றினாலும் டிஸ்டார்ஷன் வேறு வடிவத்தில் திரும்பி வரும்: இரண்டு டிரான்சிஸ்டரும் சேர்ந்து கடத்தும் எல்லைக்குள் கெயின் (பெருக்கும் அளவு) ஒரு மாதிரி, அதைத் தாண்டினால் வேறு மாதிரி. சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவை மீறாதீர்கள். அது ஒரு ரெசிஸ்டருக்கான அளவா, இரண்டு எமிட்டருக்கும் இடையே எடுப்பதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதாக இருந்தால் எண் இருமடங்காக வரும்.

பழுதுமேசை:
ஒரு செட்டில் ஆஃப்செட், அதாவது பூஜ்யத்தையொட்டி இருக்க வேண்டிய ஸ்பீக்கர் முனை டிசி, 120 மில்லிவோல்ட். அதைக் குறைக்கப் பார்த்து யாரோ பயாஸ் டிரிம்மரைக் கடைசி வரை திருகி வைத்திருந்தார்கள். ஆஃப்செட் டிரிம்மர் பக்கத்திலேயே இருந்தது. ஆஃப்செட் நிலையில்லாமல் அலைந்ததற்குக் காரணம் முன்வரிசை 2எஸ்ஏ726 டிரான்சிஸ்டர் ஜோடி. கேஎஸ்ஏ992 போட்டதும் 8 மில்லிவோல்ட்டில் நின்றது.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் வரிசையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மெயினில் சீரிஸாக வைத்து ஆன் செய்யுங்கள். ஒரு நொடி பளிச்சிட்டு மங்கினால் ஷார்ட் இல்லை. பல்போடு பயாஸ் வைக்க வேண்டாம். ரயில் தாழ்ந்திருக்கும், நேரடி மெயினில் போட்டதும் அளவு எகிறும். பல்பை எடுத்த பிறகு முதலில் ஆஃப்செட், அப்புறம் பயாஸ். குளிர்ந்த நிலையில் மேனுவல் சொன்ன அளவில் முக்கால் பங்கு மட்டும் வையுங்கள். மூடியைப் போட்டு 15 நிமிடம் விட்டு, திரும்பப் பாருங்கள். ஒன்றை மாற்றினால் மற்றது கொஞ்சம் நகரும், அதனால் இரண்டையும் இன்னொரு சுற்று சரிபார்க்க வேண்டும்.

மீட்டர் ப்ராபைக் கையில் பிடித்து அளக்கவே கூடாது. முனை வழுக்கி டிரான்சிஸ்டரின் பேஸையும் கலெக்டரையும் ஒரு கணம் தொட்டால் போதும், அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரும் சேர்ந்து போகும். பவர் இல்லாதபோது கொக்கி கிளிப்பை மாட்டிவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள்.

சின்னஅலை:
அவுட்புட்டில் பெரிய கண்டென்சர் இருக்கும் ஒற்றை ரயில் செட்டுக்கு இந்த வரிசை பொருந்தாது. அங்கே ஆஃப்செட்டுக்குப் பதில் மையப் புள்ளி: 64 வோல்ட் ரயில் என்றால் கண்டென்சருக்கு முன்னால் 32 வர வேண்டும். எமிட்டர் ரெசிஸ்டரை எட்ட முடியாத செட்டில், அவுட்புட்டுக்கு மட்டும் போகும் பியூஸைக் கழற்றி அந்த இடத்தில் 10 ஓம் 1 வாட் ரெசிஸ்டர் வையுங்கள். அதன் மீது 200 மில்லிவோல்ட் என்றால் 20 மில்லிஆம்பியர். ஏதாவது கோளாறு இருந்தால் முதலில் கருகுவது அந்த ரெசிஸ்டர்தான்.