விளையாடிவிட்டு வந்து பிள்ளைகள் எழுதியது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொட்டாஞ்சேனை மிஸ்:

மூன்று கிழமையாக இது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். தரம் 4 எடுக்கிறேன். ‘எங்கள் வீட்டுப் பசு’ கட்டுரை உங்கள் எல்லாருக்கும் தெரியும். என் வகுப்பில் 38 பிள்ளைகள், ஒருவர் வீட்டிலும் பசு இல்லை. ஆனாலும் எல்லாரும் மனப்பாடம் செய்த அதே பசுவைத்தான் எழுதித் தருவார்கள். அதைப் பார்த்து மனம் நொந்துதான் ஒருநாள் அவர்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். எழுத வேண்டாம், விளையாடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வடிகான், அதற்கு இரும்பு மூடி. எப்போதும் மூன்று வரிக்கு மேல் எழுதாத ஒரு பெடியன் அந்த மூடியில் காதை வைத்துப் படுத்துவிட்டான். வெள்ளைச் சேர்ட் முழுக்க மண். எழும்பு என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் விரலை உதட்டில் வைத்து, “சத்தம் போடாதீங்க மிஸ், கீழே ரயில் வருது” என்றான். கொஞ்ச நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அவனைச் சுற்றிப் படுத்திருந்தார்கள். ஒருத்தி எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்தாள். வேப்பிலைதான் டிக்கெட்.

வகுப்புக்கு வந்ததும் நான் சொல்லாமலே கொப்பியைத் திறந்தான். ஒன்றரைப் பக்கம். கடலுக்கு அடியில் ஒரு ரயில் ஓடுகிறது. தொலைந்துபோன செருப்புகள் எல்லாம் அதில் ஏறித் தங்கள் சோடியைத் தேடிப் போகின்றன. ஒரு செருப்பு மட்டும், தன் சோடி புதுச் செருப்போடு போய்விட்டதென்று இறங்க மாட்டாமல் அழுகிறது.

அதை நான் திருத்தினேன். ர, ற, ல, ள எல்லாவற்றுக்கும் சிவப்பில் வட்டம். 23 வட்டம். அடுத்த கிழமை மூன்று வரி எழுதித் தந்தான், ஒரு பிழையும் இல்லாமல்.

ஐந்தாம் மாடி அம்மா:

மிஸ், அந்தச் செருப்பை வாசித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாங்கள் வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். மகள் தரம் 2. முற்றம் என்றால் அவளுக்குப் பல்கனிதான். ஒரு ஞாயிறு காலை கோட்டேயில் இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போனோம். (2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற முதல் 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்களில் பலர் அந்தப் பக்கம் போவதில்லை.) பலகைப் பாதையின் நடுவில் பெரிய கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று கிடந்தது. நான் பயந்து அவளைப் பின்னால் இழுத்தேன். அவள் கையை உதறிவிட்டு அப்படியே நின்றாள். அது நாக்கை நீட்டியது. அவளும் நீட்டினாள். திரும்ப அது, திரும்ப அவள். பிறகு அது மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிப் போய்விட்டது.

“அம்மா, அவர் என்னட்ட என்ன கேட்டவர் தெரியுமா?” என்றாள். வெயில் ஏறுது, நட என்றேன். இரவு அவளாகவே இருந்து ஒரு கடிதம் எழுதினாள்: ‘கபரகொய்யா மாமாவுக்கு, நீங்கள் கேட்டதுக்குப் பதில். வரலாம். ஐந்தாம் மாடி. லிப்ட் இருக்கு. வால் கவனம்.’

என்னதான் கேட்டது என்று இப்போது நான் கெஞ்சுகிறேன். சொல்ல மாட்டேன் என்கிறாள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மிஸ் மகள், அந்த 23 வட்டத்துக்காக இவ்வளவு வருந்த வேண்டாம். அதற்காகப் பிழையைத் திருத்தவே கூடாது என்ற முடிவுக்கும் இங்கே யாரும் வந்துவிடக் கூடாது. ரகர றகரம் தடுமாறுகிற பிள்ளை அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுத வேண்டியவன்.

நான் முகத்துவாரத்தில் படிப்பித்த காலத்தில் ஒரு பிள்ளை தென்னோலை ஒன்றைப் படகென்று இழுத்து வந்து, வகுப்பு வாசலில் கல்லை வைத்து நங்கூரம் போட்டுவிட்டு உள்ளே வந்தாள். நான் அந்த ஓலையைக் குப்பை என்று எறிந்துவிட்டேன். மணி அடித்ததும் அவள் வாசலில் நின்று இரண்டு பக்கமும் தேடினாள்.

சரி, செய்யக்கூடியதைச் சொல்கிறேன். 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை (இருந்து எழுதுவது, வாசிப்பது) மூன்றையும் சேர்த்தே வைத்தது. தரம் 1, 2இல் விளையாட்டுக்கு முதலிடம். தரம் 3, 4இல் மூன்றும் ஏறத்தாழச் சமம். தரம் 5இல்தான் மேசை வேலை கூடுகிறது. ஆகவே தரம் 4 பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போனதற்கு நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. வெயில் ஏறமுதல், முதல் இரண்டு பாடவேளைக்குள் போங்கள். விளையாட்டுச் சாமான் கொண்டுபோக வேண்டாம். ஒரு சாக்கு, கொஞ்சம் கயிறு, இரண்டு மட்டைப்பெட்டி போதும், ஏனென்றால் சாக்கு எதுவாகவும் மாறும், பொம்மைக் கார் காராகவே இருக்கும். தலைப்பு கொடுக்க வேண்டாம். திரும்பி வந்ததும் உடனே பென்சிலைக் கையில் கொடுக்காமல், பக்கத்தில் இருக்கிறவனிடம் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். வாயால் ஒருமுறை சொன்ன கதை கைக்குச் சுலபமாக வரும். சின்ன வகுப்பென்றால் பிள்ளை சொல்லச் சொல்ல நீங்களே எழுதிக் கொடுங்கள். எழுதியதை முதலில் வகுப்புக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்குச் சிவப்புப் பேனா வேண்டாம். இரண்டு நாள் கழித்து, அதே கதையில் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் எடுத்து, கரும்பலகையில் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள். யாருடைய பிழை என்று சொல்லாதீர்கள். நல்ல பிரதி எழுதும்போது பிள்ளை தானே திருத்திக்கொள்ளும்.

மாளிகாவத்தை உம்மா:

சேர் சொல்வது சரி. ஆனால் அது மரமும் முற்றமும் உள்ள பள்ளிக்கூடத்துக்கு. எங்கள் பக்கம் விளையாட இருக்கிறது மாடிப்படியும் ஓட்டோ நிறுத்துகிற இடமும்தான். அங்கேயும் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை, அதைச் சொல்லத்தான் வந்தேன்.

மகன் தமிழ் மூலம் படிக்கிறார், தரம் 3. கூட்டாளிகள் எல்லாம் சிங்களப் பிள்ளைகள், அதனால் விளையாட்டு முழுக்கச் சிங்களத்தில். அன்றைக்குப் பின்னேரம் நல்ல மழை. ஐந்து பேர் நிறுத்தியிருந்த ஓட்டோவுக்குள் ஏறி, பக்கத்து மறைப்பை இறக்கிவிட்டு, அது கப்பல் என்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே இருட்டில் ஒரு ஹொல்மன இருக்கிறதாம், அது நீந்தி வருகிறதாம். மழைச் சத்தத்துக்கு மேலால் இவர்கள் கத்தியது மூன்றாம் மாடி வரை கேட்டது.

இரவு அதை எழுத உட்கார்ந்தவர் பாதியில் நின்றுவிட்டார். “உம்மா, ஹொல்மனக்குத் தமிழ் என்ன?” பேய் என்று எழுதுங்க மகன் என்றேன். யோசித்துவிட்டு, “இல்ல உம்மா, பேய் வேற. இது சிங்களம் பேசுற ஆள்” என்றார். அப்படியென்றால் ஹொல்மன என்றே எழுதுங்க என்றேன், எழுதினார். அடுத்த நாள் அந்தச் சொல்லைப் பள்ளியில் வெட்டி, மேலே ‘பேய்’ என்று போட்டிருந்தார்கள். கொப்பியைக் கொண்டுவந்து காட்டி, “மிஸ் வேற ஆளைப் போட்டுட்டாங்க உம்மா” என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்கு வரவில்லை.

பட்டம்விடும் அப்பா:

சகோதரி, இடம் இல்லை என்பதை நான் முழுதாக ஒத்துக்கொள்ள மாட்டேன். காலிமுகத்திடல் நமக்கெல்லாம் பொதுதானே? ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்தபோது, கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைக் காக்கும்படி தனக்குப் பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக் கல்லிலேயே பொறித்து வைத்தார். பிள்ளைகளுக்கென்று சொல்லிவிட்ட இடம் அது.

என் மகன் அங்கே பட்டத்தை வேண்டுமென்றே கைவிட்டான். கண்முன்னால் நூலை ஒவ்வொரு விரலாக விட்டான். புதுப் பட்டம், நான் கத்திவிட்டேன். துறைமுகத்துக்கு வெளியே காத்து நின்ற கப்பலைக் காட்டி, “அங்க இருக்கிற மாமாமாருக்குக் காயிதம் போகுது அப்பா” என்றான். வீட்டுக்கு வந்து கப்பல்காரர் எழுதுகிற மாதிரி பதிலையும் அவனே எழுதினான். முதல் வரி: ‘தம்பி, அப்பாட்டச் சொல்லு, பட்டம் பத்திரம்.’

சேர், உங்கள் ஆலோசனைக்கு நன்றி. ஆனால் அந்த ஓலைப் பிள்ளையைப் பற்றித்தான் இன்னும் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

கொட்டாஞ்சேனை மிஸ்:

எல்லாவற்றையும் வாசித்தேன். மாளிகாவத்தை சகோதரி, உங்கள் மகனின் சொல்லை வெட்டிய மிஸ்ஸின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். இனிமேல் வெட்டமுதல் பிள்ளையிடம் கேட்பேன்.

இன்று இடைவேளையில் அவன் அந்த மூடிக்குப் பக்கத்தில் தனியாக இருந்தான். போய்ப் பக்கத்தில் குந்தினேன். செருப்பு கடைசியில் இறங்கியதா என்று கேட்டேன். என் கையைப் பார்த்தான், பேனா இருக்கிறதா என்று. “எழுத வேணுமா மிஸ், சொன்னால் காணுமா?” சொன்னால் காணும் என்றேன். மணி அடிக்கும் வரை சொன்னான். செருப்பு இறங்கவில்லை, ரயிலிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நண்டும் ஸ்டேசன் மாஸ்டரும் சண்டை பிடித்தார்கள், அது எதற்கென்று எனக்கு இப்போது நினைவில் இல்லை. நாளைக்கு அவனிடமே கேட்க வேண்டும்.